'கிலோ என்ன விலை?' என்று கேட்பதற்கு முன்... வீட்டுப் பூனைக்கு பட்ஜெட்டில் நல்ல ட்ரை ஃபுட் வாங்குவது எப்படி?

மாதக் கடைசி சனிக்கிழமை. பெட் ஷாப் அலமாரிக்கு முன்னால் ஓர் அம்மாவும் மகளும் நிற்கிறார்கள். "இந்த பாக்கெட்ல இருக்கிற பூனை நம்ம குட்டி மாதிரியே இருக்கும்மா, இதை வாங்கலாம்" என்கிறாள் மகள். அம்மாவின் கண்ணோ விலை ஸ்டிக்கர் மீது. இதைக் கவனித்த கடைக்காரர், "லூஸ்லயும் இருக்குக்கா. கிலோவுக்கு அம்பது ரூபா கம்மி" என்கிறார். அம்மாவுக்கு முகம் மலர்கிறது.

பூனை வளர்க்கும் பல வீடுகளில் மாதாமாதம் நடக்கும் காட்சிதான் இது. பாக்கெட் படம், கடைக்காரர் பேச்சு, விலை ஸ்டிக்கர் என்ற மூன்றை வைத்தே முடிவெடுத்துவிடுகிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்று பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு.

தாத்தா பாட்டி காலத்துப் பூனைக்கு இந்தக் கவலை இல்லை. வீட்டில் வைத்த தயிர் சாதம் அதற்குப் பாதி வயிறுதான். மீதியை எலி, பல்லி, மீன் கடை வாசல் என்று அது வெளியில் பார்த்துக்கொண்டது. ஐந்தாவது மாடி ஃபிளாட்டில், பால்கனிக்கு வலை அடித்த வீட்டில் வளரும் பூனைக்கு அந்த வழியே கிடையாது. கிண்ணத்தில் நாம் போடுவதுதான் அதற்கு உலகம். அதில் ஒரு சத்து குறைந்தால், அதை ஈடுகட்ட வேறு இடமில்லை.

நல்ல செய்தி என்னவென்றால், நல்ல உணவு என்றால் கடையிலேயே விலை அதிகமானதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கொஞ்சம் லேபிள் அறிவும், கொஞ்சம் கணக்கும் போதும்.

பூனைக்கு ஏன் அசைவம் கட்டாயம்?

நாய், மனிதனைப் போல எல்லாவற்றையும் கலந்து சாப்பிட்டுச் சமாளித்துவிடும். பூனையின் உடல் அப்படி அமையவில்லை. டாரின் என்ற சத்தை அதன் உடலால் தேவையான அளவு தயாரிக்க முடியாது. இறைச்சி, மீன் போன்ற உணவிலிருந்தே அது கிடைக்க வேண்டும். கேரட்டில் இருக்கும் சத்தை வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும் திறனும் பூனைக்கு இல்லை.

டாரின் குறைந்தால் என்ன ஆகும்? விழித்திரை பழுதடைந்து பார்வை போகலாம். இதயத் தசை பலவீனமாகி, இதயம் பலூன் போல விரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இதயப் பாதிப்புக்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பை, அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 1987-ல் வெளியிட்டார்கள். கடையில் விற்கும் தயாரிப்பு உணவைச் சாப்பிட்ட பூனைகளுக்கும் அந்தக் குறைபாடு இருந்தது தெரியவந்ததும், நிறுவனங்கள் உணவில் டாரின் அளவைக் கூட்டின.

இதனால்தான் நாய் உணவு மிச்சமிருக்கிறதே என்று பூனைக்குப் போடுவது கூடாது. ஒரு நாள் திருடித் தின்றால் ஒன்றும் ஆகாது. அதுவே தினசரிச் சாப்பாடு ஆனால் ஆபத்து. தயிர் சாதமும் பால் சாதமும் அப்படித்தான். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு வருவதும் உண்டு.

பாக்கெட்டைத் திருப்புங்கள்... ஐந்து விஷயங்களைப் பாருங்கள்!

முன்பக்கத்தில் இருக்கும் 'பிரீமியம்', 'கோர்மே', 'நேச்சுரல்' போன்றவை பெரும்பாலும் விளம்பர வார்த்தைகள். 'இண்டோர்' என்று போட்டிருந்தால், பொதுவாகக் கலோரி சற்றுக் குறைவாகவும் நார்ச்சத்து சற்று அதிகமாகவும் இருக்கும். அந்த வார்த்தை இல்லாத நல்ல உணவை அளந்து போட்டாலும் வீட்டுப் பூனைக்குப் போதும். உண்மையான தகவல் பின்பக்கத்தில்தான் இருக்கிறது.

1. முழுமையான உணவா? 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவின் 'ஆஃப்கோ' அல்லது ஐரோப்பாவின் 'ஃபெடியாஃப்' அளவுகோலின்படி தயாரித்தது என்ற குறிப்பு பல பாக்கெட்டுகளில் இருக்கும். 'காம்ப்ளிமென்டரி', 'ட்ரீட்' என்று இருந்தால் அது நொறுக்குத்தீனி மட்டுமே.

2. எந்த வயதுக்கு? ஒரு வயதுக்குக் குறைந்த குட்டிக்கும், கர்ப்பமாக இருக்கும் அல்லது பாலூட்டும் தாய்க்கும் 'கிட்டன்' வகை. ஒரு வயதைத் தாண்டியதும் 'அடல்ட்' வகை. குட்டிக்கான உணவில் கலோரி அதிகம். வீட்டுக்குள்ளேயே தூங்கும் வளர்ந்த பூனைக்கு அதையே தொடர்ந்தால் தொப்பைதான் மிஞ்சும்.

3. முதல் மூன்று பொருள்கள் என்ன? தயாரிப்பில் சேர்க்கும்போது எது எடை அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் வரும். சிக்கன், மீன், 'சிக்கன் மீல்' போன்றவை முன்வரிசையில் இருப்பது நல்லது. 'மீல்' என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். தண்ணீரும் கொழுப்பும் நீக்கி அரைத்த இறைச்சிப் பொடி அது, புரதம் செறிவாக இருக்கும். மக்காச்சோளம், கோதுமை, அரிசி, சோயா என்று தானியம் நான்கு பெயர்களில் பிரிந்து வந்தால் கவனம் தேவை. தனித்தனியாகக் குறைவாகத் தெரிந்தாலும், கூட்டினால் இறைச்சியை மிஞ்சிவிடலாம்.

4. டாரின் இருக்கிறதா? பொருள் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடுங்கள்.

5. காலாவதித் தேதி. தள்ளுபடி விலையில் கிடைக்கும் பாக்கெட்டுகளில் இதை முதலில் பார்க்க வேண்டும்.

புரதத்தைப் பொறுத்தவரை, ஈரப்பதத்தைக் கழித்த பிறகு வளர்ந்த பூனைக்குக் குறைந்தது 26 சதவிகிதம், குட்டிக்கு 30 சதவிகிதம் என்பது ஆஃப்கோ அளவு. இது கடைசிக் கோடு மட்டுமே, இதைவிட அதிகம் இருப்பது நல்லது. பாக்கெட்டில் புரதம் 30, ஈரப்பதம் 10 என்று இருந்தால், 30-ஐ 90-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 33 சதவிகிதம் என்று வரும். அது தாராளமாகத் தேறும் அளவு.

கிலோ விலையை விடுங்கள்... ஒரு நாள் விலையைப் பாருங்கள்!

பட்ஜெட்டின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. பூனை கிலோ கணக்கில் சாப்பிடுவதில்லை, கலோரி கணக்கில் சாப்பிடுகிறது. சத்து செறிந்த உணவு கொஞ்சம் போட்டாலே போதும்.

பல பாக்கெட்டுகளில் கலோரி போட்டிருக்க மாட்டார்கள். நாமே கண்டுபிடிக்கலாம். புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம் நான்கையும் கூட்டி, அதனுடன் தாது உப்புக்காக ஏறக்குறைய 8 சேர்த்து, 100-லிருந்து கழித்தால் மாவுச்சத்து எவ்வளவு என்று தெரிந்துவிடும். பிறகு புரதத்தை 3.5-ஆல், கொழுப்பை 8.5-ஆல், மாவுச்சத்தை 3.5-ஆல் பெருக்கிக் கூட்டினால், 100 கிராமில் எவ்வளவு கலோரி என்பது தோராயமாகக் கிடைக்கும்.

இரண்டு பாக்கெட்டுகளைக் கற்பனை செய்துகொள்வோம்.

* முதல் பாக்கெட்: கிலோ 320 ரூபாய். புரதம் 30, கொழுப்பு 10, நார் 4, ஈரப்பதம் 10. மாவுச்சத்து 38 வரும். 100 கிராமுக்கு சுமார் 323 கலோரி.
* இரண்டாவது பாக்கெட்: கிலோ 420 ரூபாய். புரதம் 36, கொழுப்பு 16, நார் 3, ஈரப்பதம் 8. மாவுச்சத்து 29 வரும். 100 கிராமுக்கு சுமார் 363 கலோரி.

நான்கு கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த வீட்டுப் பூனைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 முதல் 250 கலோரி தேவைப்படும். 220 என்று வைத்துக்கொள்வோம். முதல் உணவில் 68 கிராம் போட வேண்டும், மாதம் சுமார் 650 ரூபாய் ஆகும். இரண்டாவதில் சுமார் 60 கிராம் போதும், மாதம் சுமார் 760 ரூபாய் ஆகும்.

கிலோவுக்கு 100 ரூபாய் அதிகம் என்பதால், மாதம் இரண்டு கிலோ வாங்கும் வீட்டில் 200 ரூபாய் கூடும் என்றுதான் மனம் கணக்குப் போடும். உண்மையில் கூடுவது 110 ரூபாய். அதற்குப் புரதம் அதிகம், மாவுச்சத்து குறைவு. கட்டுப்படியானால் இரண்டாவது லாபம். கட்டுப்படியாகாவிட்டாலும் குற்ற உணர்வு வேண்டாம். டாரின் சேர்த்த, முழுமையான உணவாக இருந்தால் முதல் பாக்கெட்டிலும் பூனை ஆரோக்கியமாக வளரும்.

லூஸ் உணவில் என்ன சிக்கல்?

பெரிய மூட்டையைப் பிரித்து, பிளாஸ்டிக் கவரில் கட்டி விற்பதுதான் லூஸ். மூட்டை எப்போது திறக்கப்பட்டது, காலாவதி எப்போது, இது பூனை உணவுதானா என்பதற்குக் கடைக்காரர் வார்த்தையைத் தவிர வேறு சாட்சி இல்லை. காற்றுப் பட்டால் அதிலிருக்கும் கொழுப்பு சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். வைட்டமின்கள் குறையும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சையும் வண்டும் சேரும்.

அதற்காக ஏழு கிலோ மூட்டையை ஆஃபரில் வாங்கிப் போடுவதும் லாபம் ஆகாது. ஒற்றைப் பூனை அதை முடிக்க நாலு மாதத்துக்கு நெருக்கமாகும். திறந்த பாக்கெட்டை ஆறு வாரத்துக்குள் முடிப்பது நல்லது. ஒரு பூனை இருக்கும் வீட்டுக்கு ஒன்றரை முதல் மூன்று கிலோ பாக்கெட் சரியாக இருக்கும். அதே பிராண்ட் வாங்கும் அக்கம்பக்கத்து வீட்டுடன் சேர்ந்து பெரிய பாக்கெட் வாங்கி, பிரித்த அன்றே பங்கிட்டுக்கொள்வதும் நல்ல யோசனை.

உணவை அதன் பாக்கெட்டோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். டப்பாவில் கொட்டிவிட்டால் பாக்கெட்டில் இருக்கும் தேதியும் பேட்ச் எண்ணும் குப்பைக்குப் போய்விடும்.

அளவும் தண்ணீரும்... இரண்டும் முக்கியம்!

'கிண்ணம் காலியானால் நிரப்பு' என்ற பழக்கம் பணத்துக்கும் கேடு, பூனைக்கும் கேடு. உடல் பருத்த பூனைகளுக்கு நீரிழிவு, மூட்டுவலி வரும் வாய்ப்பு அதிகம். ஒரு நாள் அளவைக் காலையில் கிச்சன் தராசில் எடை போட்டு, டப்பாவில் எடுத்துவைத்து, நாலைந்து வேளையாகப் பிரித்துப் போடுங்கள்.

பூனை குண்டா என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை ஒன்று உண்டு. விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். உங்கள் புறங்கையைத் தடவும்போது எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ, அப்படித் தட்டுப்பட்டால் சரியான எடை. அழுத்தித் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு கூடுதல்.

ட்ரை ஃபுட்டில் ஈரப்பதம் 10 சதவிகிதத்துக்குள்தான் இருக்கும். பூனையோ இயல்பிலேயே தண்ணீர் குடிக்கச் சோம்பல்படும் பிராணி. வீட்டில் இரண்டு மூன்று இடங்களில், சாப்பாட்டுக் கிண்ணத்தைவிட்டுத் தள்ளி, அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள். ஒரு வேளை உணவில் வெதுவெதுப்பான நீர் ஊற்றிக் கொடுக்கலாம். அது மீந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்த சிக்கனை எலும்பு நீக்கி ஒரு வாய் கொடுக்கலாம். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம்.

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: ஆண் பூனை அடிக்கடி லிட்டர் பெட்டிக்குப் போய் முக்குகிறது, கத்துகிறது, ஆனால் சிறுநீர் வரவில்லை என்றால் அது அவசர நிலை. சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போகலாம். 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று இருக்காமல் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். சென்னையில் வேப்பேரி, மற்றும் நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய இடங்களில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அவசரத்துக்குப் போகக்கூடிய மருத்துவமனையின் எண்ணை முன்கூட்டியே போனில் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

புது உணவுக்கு மாற்றும்போது...

பட்ஜெட் காரணமாக பிராண்ட் மாற்றுவதில் தவறில்லை. ஒரே நாளில் மாற்றுவதுதான் தவறு. முதல் இரண்டு மூன்று நாள் முக்கால் பங்கு பழையது, கால் பங்கு புதியது. அடுத்து பாதிப் பாதி. பிறகு கால் பங்கு பழையது. ஏழு முதல் பத்து நாளில் முழுதாக மாற்றிவிடலாம்.

'பசித்தால் தானாகச் சாப்பிடும்' என்று பட்டினி போடுவது குழந்தைகளிடம் வேண்டுமானால் பலிக்கலாம், பூனையிடம் வேண்டாம். இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால், குறிப்பாகக் குண்டுப் பூனைக்கு, ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும். ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றாலே மருத்துவரைப் பாருங்கள்.

சிறுநீரகக் கோளாறு, கல், நீரிழிவு உள்ள பூனைகளுக்கு இந்தக் கணக்குகள் பொருந்தாது. அவற்றின் உணவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மீண்டும் அந்தப் பெட் ஷாப்புக்கு வருவோம். அம்மாவும் மகளும் இந்த முறை செய்ய வேண்டியது ஒன்றுதான். படத்தில் இருக்கும் பூனையை ரசித்துவிட்டு, பாக்கெட்டைத் திருப்பி, போனில் கால்குலேட்டரைத் திறக்க வேண்டும். மகள் எண்களைப் படிக்க, அம்மா கணக்குப் போட, ஐந்து நிமிட வேலை. வீட்டில் கிண்ணத்துக்குப் பக்கத்தில் காத்திருக்கும் ஜீவனுக்கு பாக்கெட்டைப் படிக்கத் தெரியாது. அதற்காகப் படிக்க வேண்டியவர்கள் நாம்தான்.