வண்டிக்கு நாமா, நமக்கு வண்டியா?

சட்டை தைப்பிக்கச் செல்பவர் தையற்காரரிடம் அளவு கொடுத்த பின்னரே வீடு திரும்புகின்றார். பாதணி வாங்குபவரும் காலில் இட்டு நடந்து பாராமற் பணத்தை எண்ணுவதில்லை. ஆனால், நாள்தோறும் நம்மைச் சுமந்து செல்லும் துவிச்சக்கரவண்டி நம் உடலுக்கு ஏற்றதா என்று ஆராய்பவர் மிகச் சிலரே. இவ்வுண்மையை நாம் கற்றதும் நூல்களிலிருந்தன்று. முழங்கால் நோவிலிருந்தே கற்றோம்.

1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எரிபொருள் கிடைத்தற்கு அரிதாயிருந்தபோது, விறகுக் கட்டு முதல் நோயாளர் வரை யாவும் துவிச்சக்கரவண்டியிலேயே சென்றன. தந்தையாரின் வண்டிப் பாரில் அமர்ந்து பள்ளிக்குச் சென்ற சிறுவருள் நாமும் ஒருவர். பின்னர் 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் எரிபொருளுக்கு வரிசைகள் நீண்டபொழுது, மோட்டார்ச் சைக்கிளை ஒரு மூலையில் நிறுத்திவிட்டு, ‘ஹைபிரிட்’ எனப்படும் கலப்பு வண்டி ஒன்றை வாங்கினோம். பந்தய வண்டியின் பெரிய சில்லும், மலைப்பாதை வண்டியின் நேரான ஹாண்டிலும் ஒருங்கே அமைந்தமையால் அதற்கு இப்பெயர்.

கல்லூரிக்குப் போக ஆறு கிலோமீற்றர், வர ஆறு. இரண்டு வாரங்களில் முழங்காலின் முன்புறம் நோவெடுத்தது. மோதிர விரலும் சின்னி விரலும் விறைத்துப் போயின. “நாற்பது கடந்தால் இப்படித்தான்” என்று வீட்டார் ஆறுதல் கூறினர். வண்டியை விற்றுவிடவே தீர்மானித்தோம்.

விற்குமுன் பிறேக்கைச் சரிபார்ப்பதற்காகச் சந்தியில் வண்டி திருத்தும் முதியவர் ஒருவரிடம் கொண்டுசென்றோம். நாம் வந்து இறங்கிய விதத்தை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். “மாஸ்ரர், வண்டியிலை ஒரு பிழையுமில்லை. நீங்கள் அதிலை இருக்கிற இருப்புத்தான் பிழை” என்றார்.

இருக்கையின் உயரம்

நம்மவரிற் பலர், இருந்தபடியே இரு பாதங்களும் நிலத்திற் படியவேண்டும் என்று இருக்கையைத் தாழ்த்தி வைக்கின்றனர். நாமும் அவ்வாறே செய்திருந்தோம். இருக்கை தாழ்ந்தால் ஒவ்வொரு மிதிப்பிலும் முழங்கால் அளவுக்கு மீறி மடிந்து, சிரட்டையின் மீது அழுத்தம் ஏறுகின்றது.

முதியவர் எம்மைச் சுவரிற் கைபிடித்து அமரச் செய்து, பெடலைக் கீழ்முனைக்குக் கொண்டுவந்து, குதிக்காலை அதன்மேல் வைக்கச் சொன்னார். அந்நிலையிற் கால் நேராக நீளவேண்டும். பின்பு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சிறிதே மடிந்திருக்கும். அதுவே சரியான உயரம். கணக்கில் விருப்பமுள்ள மாணவர் இன்னொரு வழியையும் கையாளலாம். வெறுங்காலுடன் நின்று, கவட்டிலிருந்து நிலம் வரையுள்ள உயரத்தை அளந்து 0.883ஆற் பெருக்குக. 80 சென்ரிமீற்றர் எனின், பெடல்கள் சுழலும் நடு அச்சிலிருந்து இருக்கையின் மேற்புறம் வரை ஏறத்தாழ 70.6 சென்ரிமீற்றர் வரும்.

அளவுக்கு மிஞ்சி உயர்த்துவதும் தவறே. இடுப்பு இருபுறமும் ஆடும். முழங்காலின் பின்புறம் நோகும். இருக்கைத் தண்டில் ஓர் எல்லைக்கோடு பொறிக்கப்பட்டிருக்கும். அது வெளியே தெரியுமளவிற்கு உயர்த்தினால் தண்டு முறியவும் கூடும். உயர்ந்த இருக்கையிலிருந்து நிறுத்துவது எவ்வாறு எனின், முதலில் இருக்கையைவிட்டு முன்னே இறங்கி, அதன்பின் காலூன்றல் வேண்டும். இரண்டு நாளிற் பழகிவிடும்.

மெத்தென்ற இருக்கையே சுகமானது என்பதும் மயக்கமே. உடலின் பாரத்தைத் தாங்கவேண்டியவை இரண்டு இருப்பெலும்புகள். மிக மெத்தென்ற இருக்கையில் அவை புதைந்து, பாரம் நடுவிலுள்ள மென்தசைக்கு மாறிவிடுகின்றது. பெட்டி மட்டை ஒன்றின்மேற் சற்று நேரம் அமர்ந்து எழுந்தால் இரு பள்ளங்கள் தோன்றும். அவற்றின் நடுக்களுக்கிடையிலுள்ள தூரத்தினும் ஓரிரு சென்ரிமீற்றர் அகன்ற இருக்கையே பொருத்தமானது.

ஹாண்டிலும் கையும்

இருக்கை உயர்ந்ததும் முழங்கால் தேறிற்று, கைவிறைப்போ கூடிற்று! உடல் முன்சாய்ந்து, பாரம் உள்ளங்கைகளில் இறங்கியதே காரணம். சின்னி விரலுக்குச் செல்லும் நரம்பு உள்ளங்கையின் ஓரமாகச் செல்கின்றது; அது நசியும்போது விரல் விறைக்கின்றது. எனவே ஹாண்டிலைத் தாங்கும் கழுத்துத் துண்டை, மேல்நோக்கிச் சரிந்த குட்டையான ஒன்றாக மாற்றினோம். ஹாண்டில் இருக்கையின் மட்டத்திற்குச் சற்று மேலே வந்தது. உள்ளங்கை படிந்திருக்க அகன்ற பிடியுறைகளையும் இட்டோம். முழங்கை விறைத்து நில்லாது சிறிது வளைந்திருக்கவேண்டும் என்பதையும் அறிந்துகொண்டோம்.

காற்றின் கணக்கு

1880களிற் பெல்பாஸ்ற் நகரில் வாழ்ந்த மிருக வைத்தியர் ஜோன் பொயிட் டன்லப், தம் சிறு மகனின் முச்சக்கரவண்டி கெட்டியான ரயர்களுடன் கற்றெருவில் அதிர்வதைக் கண்டு, காற்றடைத்த இறப்பர்க் குழாயைச் சில்லிற் பொருத்தினார். 1888இல் அதற்கு ஆக்கவுரிமையும் பெற்றார். இன்று உலகமெங்கும் ஓடும் ரயரின் வரலாற்றில் ஒரு பிள்ளையின் சௌகரியத்திற்கும் இடமுண்டு.

அத்தகைய காற்றையே கல்லாக்கி வைத்திருந்தோம் நாம்! கடினமாக இருந்தாலே வேகம் என்றெண்ணி, ரயரின் பக்கத்திற் பொறித்த உச்ச அளவுவரை அடித்திருந்தோம். சற்றுக் குறைத்ததும் வீதியின் குலுக்கம் பாதியாகியது போலிருந்தது. மிகக் குறைப்பின், பள்ளத்தில் விழும்போது ரியூப் றிம்மில் நசிந்து ஒட்டையாகும். பின்னர் 35 மில்லிமீற்றர் ரயரை 40ஆக மாற்றினோம். அகன்ற ரயர் பூட்டுமுன், அது உராயாமற் சுழல இடமுண்டா எனப் பார்த்துக்கொள்ளல் அவசியம்.

எதையும் ஒரே நாளில் மாற்றற்க. பழைய நிலையைப் பென்சிலால் அடையாளமிட்டு, ஒருமுறைக்கு ஒரு மாற்றம், அதுவும் அரைச் சென்ரிமீற்றர் அளவாகச் செய்து, மூன்று நாள் ஓடிப் பார்த்தல் நன்று. அதன்பின்னும் நோ நீங்காவிடின் வைத்தியரையே நாடவேண்டும்.

அன்று மாலை வீடு திரும்பியபோது, பன்னிரண்டு வயது மகனின் வண்டி முற்றத்தில் நின்றது. “வளர வளரச் சரிவரும்” என்று பெரிதாக நாமே வாங்கிக் கொடுத்த வண்டி அது. பெடல் கீழே போகும்போதெல்லாம் அவன் இடுப்பைச் சரித்தே மிதித்து வந்தான், ஒருநாளும் முறையிட்டதில்லை. பிள்ளைகள் முறையிடமாட்டார்கள், வண்டி என்றால் இப்படித்தான் என்று எண்ணிக்கொள்வார்கள். அவன் இருக்கையைத் தாழ்த்திய பிறகே எமது வண்டியைக் கழுவினோம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. ஓர் அளவுநாடாவும் ஒரு ஸ்பனரும் அரைமணி நேரமும் போதும். முதலிற் பிள்ளையின் வண்டியைப் பாருங்கள்.