ஒரெக்சின்: விழிப்புக்கும் வேட்கைக்கும் ஒரே தூதர்

வகுப்பில் தூங்கி வழியாமல் நம்மை விழித்திருக்கச் செய்யும் ஒரு வேதிப்பொருள், போதைப் பழக்கத்திலும் பங்கு வகிக்கிறது என்றால் நம்புவீர்களா? அதன் பெயர் ஒரெக்சின். இது ஒரு நியூரோபெப்டைட். அதாவது, அமினோ அமிலங்கள் சங்கிலிபோல் கோக்கப்பட்ட சிறிய மூலக்கூறு. நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்ப இதைப் பயன்படுத்துகின்றன.

1998இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதைத் தனித்தனியே கண்டுபிடித்தன. ஒரு குழு இதற்கு ஹைப்போகிரெட்டின் என்று பெயரிட்டது. மற்றொரு குழு எலிகளின் மூளையில் இதைச் செலுத்தியபோது அவை கூடுதலாகத் தின்றன. எனவே, பசியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஒரெக்சின் என்ற பெயரைச் சூட்டியது.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவற்றுள் ஒரெக்சினைச் சுரப்பவை சில பத்தாயிரம் மட்டுமே. அவை ஹைப்போதலமஸ் பகுதியில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை அழிந்துவிட்டால் 'நார்கொலெப்சி' என்னும் நோய் ஏற்படும். நோயாளிக்குப் பகலிலேயே அடக்க முடியாத தூக்கம் வரும். சிலர் வாய்விட்டுச் சிரித்தால்கூட தசைகள் தளர்ந்து விழுந்துவிடுவார்கள்.

சரி, போதைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஒரெக்சின் அணுக்களின் இழைகள், டோப்பமின் சுரக்கும் பகுதிக்கும் செல்கின்றன. விருப்பமான ஒன்றைத் தேடிச் செல்லும் உந்துதலை அவை தூண்டுகின்றன.

2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள், ஹெராயினுக்கு அடிமையாகி இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்தனர். ஒரெக்சின் அணுக்கள், மற்றவர்களைவிடச் சராசரியாக 54 விழுக்காடு அதிகமாகக் காணப்பட்டன. இது போதைப்பொருளின் விளைவா, அல்லது பிறவியிலேயே அப்படியா? இதை அறிய எலிகளுக்கு மார்பின் கொடுத்துப் பார்த்தனர். அவற்றிலும் எண்ணிக்கை கூடியது. மார்பினை நிறுத்திய பிறகும் அந்த மாற்றம் வாரக்கணக்கில் நீடித்தது.

போதைப்பொருளை விட்டவர் மீண்டும் அதை நாடுவதை 'மன உறுதி இல்லை' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால், அவரது மூளையே மாறியிருக்கக்கூடும். அதனால்தான் அவருக்கு மருத்துவ உதவி தேவைப்படுகிறது.

ஒரெக்சினைத் தடுக்கும் சுவோரெக்சன்ட் என்ற மருந்து, தூக்கமின்மைக்காக 2014இல் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. இவ்வகை மருந்துகள் போதை வேட்கையையும் தணிக்குமா என்று இப்போது ஆராயப்படுகிறது.