ஆதிமூலத்தின் கறுப்பு மை

தமிழ்நாட்டு நவீன ஓவியத்தில், கறுப்பு மையையும் வெள்ளைத் தாளையும் மட்டும் வைத்துக்கொண்டு மனித முகத்தை நெடுநாள் துருவிப் பார்த்தவர் கே.எம். ஆதிமூலம். திருச்சியிலிருந்து புறப்பட்டு, அரிசி ஆலைகளுக்குப் பேர்போன மண்ணச்சநல்லூரைத் தாண்டிப் போனால் துறையூர். அந்தப் பக்கத்துக் கீரம்பூரில் 1938-ல் பிறந்தார். சென்னைக்கு வந்து, 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய ஓவியப் பள்ளியில் சேர்ந்து 1966-ல் பட்டயம் பெற்றார். அப்போது முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர், ஆதிமூலத்துக்கு நெருக்கமான ஆசிரியர் சிற்பி எஸ். தனபால். கோலத்திலும் கோயில் சிற்பத்திலும் ஓடும் கோட்டை நவீன ஓவியத்துக்குக் கொண்டுவர முடியுமா என்று அந்தப் பள்ளி தேடிக்கொண்டிருந்த காலம் அது.

1969-ல் காந்தி நூற்றாண்டு வந்தது. ஆதிமூலம் நூறு அளவில் காந்தி கோட்டோவியங்களைத் தீட்டினார். காந்தியைக் கறுப்பு வெள்ளையில் காட்டியவர்கள் முன்பும் உண்டு. தண்டி யாத்திரையை ஒட்டி 1930-ல் நந்தலால் போஸ் செதுக்கிய லினோ அச்சில், கறுப்புத் தளத்தின் மேல் வெள்ளைக் கோடுகளாகக் கோலூன்றி நடக்கிறார் காந்தி. ஆதிமூலத்திடம் இது தலைகீழ். தாள் வெளுப்பாகவே கிடக்க, இருட்டு முகத்துக்குள்ளிருந்து வருகிறது. முதிய காந்தியின் கண்குழியிலும் கன்னத்து மடிப்பிலும் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கறுக்கின்றன; நெற்றிக்கு வந்ததும் பேனா விலகிக்கொள்கிறது. மை விழுந்தால் அழிக்க வழியில்லை. எங்கே நிறுத்துவது என்பதே இதில் பாதி வேலை. அந்த முகங்களில் தெரியும் பரிவு, பேனா படாமல் விட்ட இடங்களில்தான் இருக்கிறது. மகாத்மாவாக உயர்த்திவைக்காமல், களைத்துப்போன ஒரு கிழவராகப் பார்த்ததும் அதனால்தான் சாத்தியமாயிற்று.

மன்னர்களையும் வரிசையாக வரைந்தார். கிரீடம், மீசை, பதக்கம் எல்லாம் உண்டு. ஆனால் கோடுகள் கறையான் அரித்ததுபோல் அவற்றைத் தின்றுகொண்டிருக்கும். முன்னாள் சமஸ்தான மன்னர்களுக்கு அரசு தந்துவந்த மானியம் 1971-ல் ஒழிக்கப்பட்டதை நினைத்தால் இவை கேலிச்சித்திரம் போலத் தோன்றலாம். கேலி இருக்கிறது, கூடவே ஒரு இரக்கமும்.

இந்தக் கறுப்புக்கு அச்சகமும் ஒரு காரணம் என்று சொல்லலாம். எழுத்துக் கோத்து அச்சடித்த நாளில் படத்துக்கு பிளாக் எனும் அச்சுத்தகடு செய்ய வேண்டும். சாம்பல் நிறச் சாயலுக்கு ஹாஃப்டோன் பிளாக், நல்ல வழவழப்பான தாள் வேண்டும், செலவு கூடும். லைன் பிளாக் மலிவு, ஆனால் அதில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, நடுவில் ஒன்றும் இல்லை. சாம்பல் வேண்டுமென்றால் கோடுகளை நெருக்கித்தான் வரவழைக்க வேண்டும். கைக்காசு போட்டு நடத்திய ‘கசடதபற’ போன்ற சிற்றிதழ்களுக்கு ஆதிமூலத்தின் கோடு பொருந்திப்போனது இப்படித்தான். பின்னர் ‘ஜூனியர் விகட’னில் கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு அவர் வரைந்த படங்கள், சிற்றிதழ் பக்கமே போகாத வாசகர்களிடமும் அந்தக் கோட்டைக் கொண்டுசேர்த்தன. அதில் வரும், வெயிலில் காய்ந்த சம்சாரிகளின், அதாவது உழவர்களின், முகங்களுக்கு வண்ணம் தேவைப்படவில்லை.

எண்ணெய் வண்ணத்தில் அவர் வேறு ஆள். கித்தானில் மனித உருவம் மறைந்து, அகன்ற வண்ணப் பரப்புகள் நிரம்பின. அரூப ஓவியராகவே வெளியூர்க் காட்சிக்கூடங்கள் அவரை அதிகம் அறிந்தன. 2008 ஜனவரியில் சென்னையில் காலமானார். வண்ணத்துக்கு மாறிய பிறகும் பத்திரிகைப் பக்கங்களுக்காக முகங்கள் வரைவதை அவர் விட்டுவிடவில்லை.