விருந்தும் மருந்தும் கஞ்சிப்பாசி

நோன்பு மாதத்தில் முஸ்லிம் நண்பர்கள் வீட்டில் கண்ணாடி மாதிரி துண்டு போட்டுத் தருவார்களே கடல்பாசி, அதை ஜெலட்டின் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இல்லை நண்பர்களே! ஜெலட்டின் மிருகங்களின் தோல், எலும்பிலிருந்து வருவது. இது கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகர்.

மன்னார் வளைகுடாவில் விளையும் கஞ்சிப்பாசியிலும் (கிராசிலேரியா எடுலிஸ்) அகர் உண்டு. பெயரே சொல்கிறதே! ராமநாதபுரம் கடற்கரையில் இதில் கஞ்சி காய்ச்சிக் குடிப்பது பழைய வழக்கம்.

"சூடு தணியும், மலம் இளகும்" என்பார்கள் பெரியவர்கள். மலம் இளகக் காரணம் இதுதான்: அகர் ஒரு நார்ப்பொருள். நம் குடலில் செரிக்காது. தண்ணீரை இழுத்து உப்பி, மலத்தை இளக்கித் தள்ளும். சுமார் 85 டிகிரியில் கரையும். 40க்குக் கீழே ஆறினால் உறையும். பிரிட்ஜே வேண்டாம்!

அந்த உப்பும் குணமே ஆபத்தும்கூட. அகர் தூளைத் தண்ணீரில்லாமல் விழுங்கினால் தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும். நன்றாகக் கரைத்துக் காய்ச்சித்தான் சாப்பிட வேண்டும்.

இன்னொன்று, கரையில் பொறுக்கித் தின்னாதீர்கள். 1991ல் குவாம் தீவில் இதே குடும்பத்துப் பாசியைத் தின்ற 13 பேருக்கு நஞ்சேறி, 3 பேர் இறந்தார்கள். 2002-03ல் பிலிப்பைன்சில் கஞ்சிப்பாசியே உயிர்களைக் குடித்தது. அங்கெல்லாம் அது காலம் காலமாகத் தின்று பழகிய உணவுதான்! நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. சாக்கடை, ஆலைக்கழிவு கலக்கும் கடலென்றால் ஈயம், காட்மியமும் சேரும்.

ஆகவே கடையில் சுத்தம் செய்து விற்பதையே வாங்குங்கள். மலச்சிக்கலோடு வயிற்றுவலியும் இருந்தால் பாசியை நம்பாமல் டாக்டரைப் பாருங்கள்.