ஒரே வீட்டுக்கு இரண்டு விலாசம்

பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் பேத்தி சென்ற மாதம் முகம் வாடி வந்து நின்றாள். "தாத்தா, சாதாரணமா கம்பைல் பண்ணினா 1073741824 வருது. வேகத்துக்கு 'ஓ2' போட்டா 1 வருது. கம்பைலர் பொய் சொல்லுது!" இரண்டு நாளில் கல்லூரியில் ஒப்படைக்க வேண்டிய வேலை. நம் சங்கக் குடும்பங்களில் சி மொழி படிக்கும் பிள்ளைகள் பலர் உண்டு என்பதால், இருவரும் உட்கார்ந்து கண்டுபிடித்ததை எழுதுகிறேன்.

பாயிண்டர் என்பது கணினி நினைவகத்தில் ஓர் இடத்தின் விலாசம். மட்டாஞ்சேரியில் ஒரு வீட்டைத் தபால்காரர் கதவு எண்ணால் அறிவார். நாமோ 'சுக்கு மண்டிக்குப் பின்னால்' என்போம். வீடு ஒன்று, விலாசம் இரண்டு. இதற்குப் பெயர்தான் ஏலியாசிங்.

பேத்தி ஒரே இடத்துக்கு இரண்டு பாயிண்டர் வைத்திருந்தாள். முழு எண்ணுக்கான 'இண்ட்' பாயிண்டர் வழியே 1 எழுதினாள். தசம எண்ணுக்கான 'ஃப்ளோட்' பாயிண்டர் வழியே அதன் மேலேயே 2.0 எழுதினாள், பிறகு முதல் பாயிண்டர் வழியே படித்தாள். 2.0-இன் பிட்டுகளை முழு எண்ணாகப் படித்தால் வருவதே அந்தப் பெரிய எண்.

ஆனால் ஒரு வகைப் பொருளைப் பொருந்தாத வேறு வகைப் பாயிண்டரால் தொடக் கூடாது என்பது 1989 முதலே சி மொழியின் தரவிதி. 'கேர்' வகைக்கு விலக்கு உண்டு. ஆகவே, 'ஃப்ளோட்' எழுதியது 'இண்ட்' இடத்தை மாற்றியிராது என்று கம்பைலர் நம்பி, நினைவகத்தை மீண்டும் பார்க்காமல் 1 என்று சொல்லிவிடுகிறது. வேகம் கிடைப்பது இதனால்தான். 1999-இல் வந்த 'ரெஸ்ட்ரிக்ட்' என்ற சொல்லும் இத்தகைய வாக்குறுதியே: 'இந்த இடத்துக்கு வேறு பாயிண்டர் வழியாக வரமாட்டேன்.'

நான் ரயில்வேயில் பார்த்த ஒற்றைப் பாதை டோக்கன் நினைவுக்கு வந்தது. ஒரு டோக்கன் பந்து வெளியே இருக்கும்வரை அந்தப் பகுதிக்கு மற்றொன்றைக் கருவி தராது. ஆள் தவறினாலும் கருவி தடுக்கும். சி மொழியில் அப்படித் தடுக்கும் கருவி இல்லை. நம் வாக்குதான் டோக்கன்.

பரிகாரம் எளிது. பிட்டுகளை 'மெம்காப்பி' மூலம் வேறு மாறியில் நகலெடுத்துப் படிக்கலாம். நல்ல கம்பைலர் அதை ஓரிரு கட்டளைகளாகச் சுருக்கிவிடும், வேகம் குறையாது. இவ்விதியை நிறுத்திவைக்கும் வசதியும் ஜி.சி.சி. கம்பைலரில் உண்டு, லினக்ஸ் கர்னல் அப்படித்தான் கம்பைல் செய்யப்படுகிறது.

பேத்தி திருத்தினாள், இரு முறையிலும் ஒரே விடை. பிள்ளைகளே, வேகப்படுத்தியதும் விடை மாறினால், கம்பைலரைத் திட்டுமுன் நாம் கொடுத்த வாக்கைச் சரிபாருங்கள்.