காப்பி வண்டும் கணக்கும்

ஆய்வுக்கூடம் என்றதும் பெரிய கட்டடம்தான் நினைவுக்கு வரும். ஆப்பிரிக்காவில் 2009ஆம் ஆண்டு தொடங்கிய லிரிமா அப்படிப்பட்டதன்று. கேமரூன், செனகல், மடகாஸ்கர் முதலிய நாடுகளின் அறிஞர்கள், தத்தம் பல்கலைக்கழகங்களில் இருந்தவாறே, பிரான்சின் இன்ரியா நிலையத்தாரோடு சேர்ந்து கணிப்பொறி இயலையும் பயன்பாட்டுக் கணிதத்தையும் ஆராய ஏற்பட்ட அமைப்பு அது.

இதனால் தோட்டத்துக்கு என்ன பயன்? கேமரூனில் அவர்கள் எடுத்துக்கொண்ட ஆய்வுகளுள் ஒன்று, காப்பிப் பழத்தைத் துளைக்கும் வண்டைப் பற்றியது. எள்ளளவே உள்ள பெண் வண்டு, பழத்தைத் துளைத்துக் கொட்டைக்குள் முட்டையிடும். உள்ளே புகுந்துவிட்டால் மருந்து எளிதில் எட்டாது. அங்கேயே வளரும் இளம் பெண் வண்டுகள் வேறு பழம் தேடிப் பறக்கும்போதுதான் அவற்றை மடக்க வேண்டும்.

நல்ல பழம், பறக்கும் வண்டு, துளைபட்ட பழத்துள் இருக்கும் வண்டு ஆகிய மூன்றும் நாளுக்கு நாள் எப்படிக் கூடிக் குறைகின்றன என்பதைச் சமன்பாடுகளாக எழுதுகிறார்கள். கணிப்பொறி ஒரு பருவம் முழுவதையும் விரைவில் ஓட்டிக் காட்டும். எப்போது மருந்து அடிப்பது, எவ்வளவு போதும், மிஞ்சிய பழங்களைப் பொறுக்கி அகற்றினால் வண்டு எவ்வளவு குறையும் என்பதை முன்கூட்டியே பார்க்கலாம். வேண்டாத மருந்து குறைந்தால் காசு மட்டுமா மிச்சம்? முதுகில் தோம்பு சுமந்து மருந்து அடித்தவர்களைக் கேட்டால் தெரியும்.

ஆனால் சமன்பாட்டில் போடும் எண்கள் கணிப்பொறிக்குள் பிறப்பதில்லை. செடி செடியாகப் போய், எத்தனை பழத்தில் துளை என்று எண்ணுகிறவர்கள் தருவதே அவை.