கழிமுகத்தில் பிறந்து குளத்தில் வளரும் நீலக்கால் இறால்

பெங்களூரின் நீலசந்திராவில் மீன் வாங்கப் போகும்போது, உடலைவிட நீளமான கருநீலக் கொடுக்குக் கால்களோடு ஒரு இறால் கண்ணில் பட்டால், அது கடல் இறால் அல்ல. ஆற்றிலும் குளத்திலும் வளரும் நன்னீர்ப் பெரிய இறால். வியாபாரிகளுக்கு அது ஸ்கேம்பி, நெல்லூர்க்காரர்களுக்கு நீலகண்ட ரொய்யா.

மேல்நாட்டு உணவகங்கள் கொண்டாடும், இறாலை ஒத்த நன்னீர் உயிரான கிரேஃபிஷ் இந்திய ஆறுகளில் இயற்கையாக இல்லை. கென்யாவின் நைவாஷா ஏரியில் 1970இல் கொண்டுபோய் விட்ட சிவப்புக் கிரேஃபிஷ், அங்கிருந்த நீர்த்தாவரங்களை மேய்ந்து தள்ளியது. அந்த ஆபத்தை நாம் விலைகொடுத்து வாங்க வேண்டாம். ருசியில் குறையாத உயிர் நம் ஆறுகளிலேயே இருக்கிறது.

இந்த இறால் வளர்வது நன்னீரில். ஆனால் பொரித்த குஞ்சு நன்னீரில் சில நாள்கூடத் தாங்காது. சினை சுமந்த தாய் கழிமுகத்தை நோக்கி இறங்குகிறது. ஏறத்தாழ மூன்று வாரத்தில் ஆரஞ்சு நிற முட்டைகள் சாம்பல் நிறமாகிப் பொரிக்கும். கடல்நீரில் மூன்றில் ஒரு பங்கு உப்புள்ள நீரில் மிதந்தபடி 11 பருவங்களைக் கடந்து, ஒரு மாதம்போல் கழித்து இறால் உருவம் பெற்ற பிறகே அது ஆற்றை எதிர்த்து ஏறும். குறுக்கே அணை நின்றால் பயணம் அங்கேயே முடிந்தது.

குஞ்சுக்கு உப்பு தேவை என்பதை 1960களின் தொடக்கத்தில் மலேசியாவின் பினாங்கில் கண்டறிந்தவர் மீன்வள அறிஞர் ஷாவ்-வென் லிங். பிறகு ஹவாயில் டகுஜி ஃபுஜிமுரா பெருமளவில் குஞ்சு வளர்க்கும் முறையை வகுத்தார். அதனால்தான் கடலே இல்லாத பெங்களூரின் சுற்றுவட்டாரப் பண்ணைக்குட்டையிலும் இதை வளர்க்க முடிகிறது. குஞ்சை மட்டும் பொரிப்பகத்திலிருந்து வாங்க வேண்டும். 28 முதல் 31 டிகிரி வெப்பமுள்ள நீரில் நன்றாக வளரும் என்பதால், இங்குள்ள மார்கழிக் குளிரைக் கணக்கில் வைத்துக் குஞ்சு விடுவது நல்லது.

குளத்தில் வரும் பெரிய தொல்லை ஆண்களின் அதிகாரம். ஒரே நாளில் விட்ட ஆண்களில் சில நீலக் கொடுக்கு வளர்ந்து இடம்பிடித்துக்கொள்ளும். ஆரஞ்சுக் கொடுக்கு ஆண்கள் வேகமாகப் பருக்கும். மீதி, பெரியவற்றுக்கு அஞ்சியே குட்டையாக நின்றுவிடும். பருத்தவற்றை அவ்வப்போது வலைபோட்டு எடுத்துவிட்டால், ஒடுங்கிக் கிடந்தவை ஆச்சரியப்படும்படி வளரத் தொடங்கும். ஓடு கழற்றிய இறால் மெத்தென்று இருக்கும், மற்றவை தின்றுவிடும். பனையோலையோ பழைய வலையோ போட்டு மறைவிடம் தரவேண்டும்.

2009க்குப் பிறகு வனாமி என்ற கடல் இறால் வளர்ப்பு பரவியபோது ஆந்திரப் பண்ணைகள் பல இந்த நன்னீர் இறாலைக் கைவிட்டன. வெண்வால் நோயும், தலைமுறைக்குத் தலைமுறை தரம் குன்றிய குஞ்சும் ஏற்கெனவே விவசாயியை வாட்டியிருந்தன. புவனேஸ்வரை அடுத்த கௌசல்யாகங்காவில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் 2007 முதல் குஜராத், கேரளா, ஒடிசா இறால்களைக் கலந்து, வேகமாக வளரும் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து வருகிறது. புதிதாகக் குளம் வெட்டுகிறவர் அந்தக் குடும்பங்களின் குஞ்சையே கேட்டு வாங்க வேண்டும்.